இரண்டு சீட் வண்டியில் மூன்றாவது ஆள்

மஞ்சள் சட்டை போட்டுக்கொண்டு மொபெட்டில் போய்க்கொண்டிருக்கிறேன். முத்தியால்பேட்டையிலிருந்து தெற்கே போகிற சாலை. காலை ஏழரை மணி இருக்கும். வெயில் அதற்குள் முதுகில் ஏறிவிட்டது. என் கண் சாலையில் இல்லை. மொபெட்டின் வலப்பக்கக் கண்ணாடியில் இருக்கிறது.

கண்ணாடிக்குள் ஒரு கார் வருகிறது. கூரை திறந்த கார். இரண்டே சீட். ஸ்டியரிங்கைப் பிடித்திருக்கும் பெரியவர் வெள்ளைக் கோட்டு போட்டு, நெஞ்சில் நான்கு மெடல் குத்தியிருக்கிறார். பக்கத்தில் அவர் மனைவி. பச்சைப் பட்டு, தலையில் கனகாம்பரம்.

அந்தப் பெரியவருக்கு நேர் எதிரே இருப்பது எதுவும் தெரியாது. கண்ணின் நடுப்பகுதி போய்விட்டது. ஓரம் மட்டும் மங்கலாகத் தெரியும். அந்த ஓரத்தில் ஒரு மஞ்சள் புள்ளியாக நான் போகிறேன். என்னைப் பிடித்துக்கொண்டு அவர் வருகிறார். நான் இரண்டு தரம் ஹாரன் அடித்தால் வேகம் குறைக்க வேண்டும். நீளமாக ஒன்று அடித்தால் நிறுத்த வேண்டும்.

பக்கத்தில் சிரித்த முகமாக உட்கார்ந்திருக்கும் மனைவிக்கு இது எதுவும் தெரியாது.

எனக்குத் தெரியும். ஏற்பாடு செய்தவனே நான்தான்.

பிணவண்டிக்குப் பிறகு

புதுச்சேரி கோரிமேட்டில் இருந்த நாட்களைப் பற்றிப் போன வாரம் எழுதியிருந்தேன். படிக்காதவர்களுக்காக இரண்டு வரி. பெரிய ஆஸ்பத்திரிக்கு வெளியே நின்று, இறந்தவர்களை ஊருக்குக் கொண்டுபோகும் தனியார் வண்டி ஒன்றை ஓட்டினேன். விழுப்புரம், திண்டிவனம், பண்ருட்டி, சில சமயம் திருவண்ணாமலை வரை. படுப்பதும் அதே வண்டியில்தான். முதல் வாரம் தூக்கம் வரவில்லை. இரண்டாவது வாரம் வந்தது.

ரோட்டில் அடிபட்டுப் போனவர்களை நிறைய ஏற்றியிருக்கிறேன். துணியை விலக்கிப் பார்க்காதே என்று வண்டி முதலாளி சொல்லியிருந்தார். பார்த்தேன். அதனால் இந்த வாரம் எழுதப்போகும் காரியத்தை விவரம் தெரியாமல் செய்தேன் என்று நான் சொல்ல முடியாது.

எனக்கு ஓரிடத்தில் கால் தங்காது. ஏழாம் வகுப்போடு வீட்டை விட்டவன். லாரியில் க்ளீனர், போர் போடுகிற வண்டியில் எடுபிடி, திருப்பூரில் சாயப் பட்டறை, கோவாவில் ஓட்டல். கோரிமேட்டு வேலையும் ஒருநாள் போதும் என்று தோன்றியது. இறங்கிவிட்டேன். டீக்கடையில் ஒருவர் சொன்னார்: “முத்தியால்பேட்டையில ஒரு சொல்தா வூட்டுக்கு டிரைவர் வேணுமாம். மாடியில ரூம் தராங்களாம்.”

சொல்தா என்றால் யார் என்று புதுச்சேரிக்காரர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. மற்றவர்களுக்கு: பிரெஞ்சுப் பட்டாளத்தில் வேலை பார்த்து, பிரெஞ்சுக் குடியுரிமையோடும் பென்ஷனோடும் ஊர் திரும்பியவர். இவர் பெயர் அருளப்பன். தெருவில் எல்லோரும் முசே என்பார்கள். அவர் மனைவி ரொசாலி, மதாம்.

வாசலில் எனக்கு முன்னால் இரண்டு பேர் நின்றார்கள். ஒருவர் துபாயில் கார் ஓட்டியவர், இஸ்திரி போட்ட சட்டை. நான் கிளம்பிவிடலாமா என்று பார்த்தேன். அதற்குள் கூப்பிட்டுவிட்டார்கள்.

முசே நாற்காலியில் உட்கார்ந்து கேள்வி கேட்டார். கேட்கும்போது என் காதைப் பார்ப்பது போல இருந்தது.

“லைசன்ஸ் இருக்கா?”

“இருக்குங்க.”

“மொதல்ல இன்னா வேலை பாத்த?”

“லாரியில க்ளீனர். ஏழு வருஷம்.”

“ரிவர்ஸ் பாத்திருக்கியா?”

“அதுதாங்க வேலையே. டிரைவருக்குப் பின்னாடி தெரியாது. நான் பாடியில தட்டுவேன். ஒரு தட்டுன்னா நிக்கணும், ரெண்டு தட்டுன்னா போலாம்.”

“தட்டறதை நம்பியே போவாரா?”

“நம்பித்தாங்க ஆவணும்.”

அவர் சிரித்தார். “நீ இரு. மத்தவங்க போலாம்.”

உள்ளேயிருந்து மதாம் குரல் கேட்டது. “காரு ஓட்டத் தெரிஞ்சவங்களை அனுப்பிட்டு லாரி தொடைச்சவனை வெச்சுக்கிறீங்க. இன்னா ஞாயம் இது?”

“மூஞ்சி நல்லாருக்குது, ரொசாலி” என்றார்.

என் மூஞ்சியை அவர் பார்க்கவேயில்லை என்பது எனக்கு அப்போது தெரியாது.

பாதிக் கார்

கார் ஒரு வாரம் கழித்துச் சென்னைத் துறைமுகத்திலிருந்து லாரியில் வந்து இறங்கியது. மழைக்கு முந்திய கடல் மாதிரி நிறம். அதை எப்படி வரவழைத்தார், என்னென்ன காகிதம் போட்டார் என்று எனக்குத் தெரியாது, கேட்கவும் இல்லை.

ஸ்போர்ட்ஸ் கார் என்றால் கோடீஸ்வரன் ஓட்டுவது என்றுதான் நினைத்திருந்தேன். இது அந்த ரகம் இல்லையாம். பிரான்சில் வாத்தியாரும் நர்சும்கூட வாங்கி ஓட்டுவார்களாம். முசே பட்டாளத்தில் இருந்தபோது இதே காரின் பழைய மாடலை வைத்திருந்தார். அதை விற்றுவிட்டுத்தான் ஊருக்குத் திரும்பினார். இப்போது கம்பெனிக்காரன் அதைத் திருத்திப் புதிதாக விட்டிருக்கிறான். பெரிய திரை, காமிரா. சாலைக் கோட்டைத் தாண்டினால் கத்தும். முன்னால் ஏதாவது வந்துவிட்டால் தானே பிரேக் பிடிக்கும்.

அந்தக் கடைசி விஷயத்துக்காகத்தான் வாங்கினார். அதையும் பிறகுதான் புரிந்துகொண்டேன்.

உட்கார்ந்தால் தரையிலேயே உட்கார்ந்தது போலிருக்கும். பக்கத்தில் நிற்கும் பஸ்ஸின் சக்கர நட்டு நம் மூக்குக்கு நேராக இருக்கும். கூரை துணி. நடுவில் ஒரு கொக்கி, அதை விடுவித்துக் கையால் பின்னுக்குத் தள்ளினால் மடிந்துகொள்ளும். வேகத்தடையில் நேராக ஏற்றினால் அடியில் தட்டும், சாய்த்து ஏற்ற வேண்டும். இண்டிகேட்டர் இடக்கைப் பக்கம். எனக்குப் பழக்கம் வலக்கை. முதல் மூன்று நாள் நான் திரும்புகிற இடமெல்லாம் வெயிலில் வைப்பர் ஆடியது.

தெரு சும்மா இருக்குமா? சைக்கிள் கடைக்காரர் தினம் ஒன்று சொல்வார். “முசே, மேல கூரை போடறதுக்குள்ள சிமெண்ட்டு தீந்து போச்சா?” ஆட்டோக்காரர்கள் அதற்குப் பாதிக் கார் என்று பெயர் வைத்துவிட்டார்கள்.

மதாம் மட்டும் அதில் ஏறவில்லை. “ரெண்டு பேர் உக்கார்ற வண்டி. ஒண்ணுல டிரைவரு, ஒண்ணுல நீங்க. நான் இன்னா டிக்கியில வரணுமா?”

“அவன் ஓட்டட்டும், நீ போய்ட்டு வாயேன்.”

“தெரியாத ஆளு பக்கத்துல ஒட்டிக்கிட்டு ஊரைச் சுத்தறதா? நீங்க ஓட்டுனா வர்றேன். அங்க இருந்தப்ப நீங்கதானே ஓட்டுனீங்க?”

முசே வாசல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

ஒரு தட்டு, இரண்டு தட்டு

முதல் நாள் தெருமுனை தாண்டியதும் நிறுத்தச் சொன்னார். “எறங்கு. நான் ஓட்டறேன்.”

வண்டி அவருடையது. மாறி உட்கார்ந்தேன். கியர் போட்டது பார்க்க அழகாக இருந்தது. கை தானாகப் போயிற்று. ஐம்பது அடி போனதும் ஒரு சைக்கிள்காரர் நேர் எதிரே வந்தார். முசே அவரை நோக்கியே போனார். நான் கத்தினேன். வண்டி உலுக்கி நின்றது.

“கத்தாதே” என்றார். குரலில் கோபம் இல்லை. “க்ளீனர்தானே நீ? தட்டு.”

அன்றுதான் சொன்னார். நடுவில் பாசி படிந்த மாதிரி இருக்குமாம். வலது ஓரம், இடது ஓரம், வானம், தரை எல்லாம் உண்டு. பார்க்க வேண்டியது மட்டும் இல்லை. ஆளை நடையை வைத்துக் கண்டுபிடிப்பாராம், அல்லது குரலை வைத்து. மதாமுக்குத் தெரியாது. சர்க்கரையால் கொஞ்சம் பார்வை மங்கல் என்று மட்டும் சொல்லி வைத்திருந்தார்.

அந்தப் புது மாடல் பார்த்துக்கொள்ளும் என்று நம்பித்தான் வாங்கியிருக்கிறார். ஆனால் அது நம் ஊரைப் பார்த்து மிரண்டது. ஸ்கூட்டர் குறுக்கே வந்தால் கத்தல், மாடு வந்தால் கத்தல், தள்ளுவண்டிக்குப் பக்கத்தில் போனால் கத்தல். நடுச்சாலையில் தானாகப் பிரேக் அடித்து நிற்க, பின்னால் வந்தவன் நம் பரம்பரையையே திட்டிவிட்டுப் போவான். “அணைச்சிடு” என்றார். எஞ்சின் போடும் ஒவ்வொரு முறையும் அது மறுபடி உயிர் பெறும். ஒவ்வொரு முறையும் நான்தான் திரையில் விரல் வைத்து அணைப்பேன்.

பிறகு என் கைதான். கதவில் ஒரு தட்டு, நில். இரண்டு, போ. டாஷ்போர்டில் தட்டினால் எதிரே ஆள். “லெப்ட்டுல ஒடி. ஒடி. போதும்.” லாரியில் பேசிய அதே பேச்சு. லாரியில் பின்னால் போகத் தட்டினேன், இங்கே முன்னால் போக. வித்தியாசம் அவ்வளவுதான் என்று எனக்கே சொல்லிக்கொண்டேன்.

காலையில் ஒரு மணி நேரம். பழைய பிரெஞ்சுத் தெருக்கள் கோடு போட்ட மாதிரி நேராக இருக்கும், அங்கேதான் சுற்றுவோம். அந்த ஒரு மணி நேரமும் என் சட்டை நனைந்துவிடும். முசே பாட்டு முணுமுணுப்பார். காற்றில் அவர் முடி பறக்கும். வீட்டுக்கு ஒரு தெரு முன்னால் மாறி உட்காருவோம்.

ஒருநாள் அரியாங்குப்பம் பாலத்தைத் தாண்டிப் போக வேண்டும் என்றார். வேண்டாம் என்றேன். போனார். பாலத்தின் மேல் எதிரே பஸ் வந்தது. ஒரு தட்டு தட்டினேன். அவருக்குப் போதவில்லை. ஹேண்ட்பிரேக்கை இழுத்துவிட்டேன். வண்டி குறுக்கே திரும்பி நின்றது. பஸ் டிரைவர் ஜன்னல் வழியே இரண்டு நிமிடம் எங்களைத் திட்டினார். அவர் முடிக்கும் வரை இரண்டு பேரும் தலை குனிந்து உட்கார்ந்திருந்தோம்.

அந்த வாரமே என்னைக் கூட்டிக்கொண்டு ஒரு கண் டாக்டரிடம் போனார். மகன் என்று நினைத்து டாக்டர் என்னைப் பார்த்துத்தான் பேசினார். “இதுக்கு மேல போகாம பாத்துக்கலாம். போனது வராது. வண்டி கிண்டி ஓட்டறாரா?”

“இல்லைங்க” என்றேன்.

“ஓட்டவே கூடாது. அவருக்கு மட்டும் இல்ல, ரோட்டுல போறவங்களுக்கும் ஆபத்து.”

சரி என்று தலையாட்டினேன். மறுநாள் காலை தெருமுனையில் இறங்கி மாறி உட்கார்ந்தேன்.

ஏன் என்று கேட்பீர்கள். மாடியில் எனக்கு ஓர் அறை இருந்தது. விசிறி இருந்தது. பிணவண்டியிலிருந்து வந்தவனுக்கு அது பெரிசு. அவரைப் பிடித்தும் இருந்தது. இரண்டும் சேர்ந்துதான்.

மதாம் சம்மதித்தார்

வருஷா வருஷம் ஜூலையில் பிரெஞ்சு தேசிய நாள் வரும். பழைய சொல்தாக்கள் மெடல் குத்திக்கொண்டு கடற்கரையில் போர் நினைவுச் சின்னத்துக்குப் போவார்கள். மலர்வளையம் வைப்பார்கள். வருஷத்தில் ஒருநாள்தான் எல்லோரும் ஒரே இடத்தில் நிற்பது. வருஷத்துக்கு வருஷம் ஆள் குறைகிறது.

அதற்கு முந்தின நாள் சாயங்காலம், முசேயோடு பட்டாளத்தில் இருந்த ஒருவர் வந்திருந்தார். காப்பி குடித்தபடி மதாமிடம் வம்பு இழுத்தார். “வெளிய நிக்குதே, அது காரா, கண்காட்சியா? நீ ஏறி நான் பாத்ததே இல்லியே?”

மதாம் டம்ளரைக் கீழே வைத்தார். “நாளைக்குப் பாருங்க. அவரு ஓட்டுவாரு, நான் பக்கத்துல உக்காந்து வருவேன்.” முசே பக்கம் திரும்பினார். “இன்னாங்க, ஓட்டுவீங்கதானே?”

“ஓட்டறேன்” என்றார் முசே.

நான் தூண் பக்கம் நின்றிருந்தேன்.

நண்பர் போன பிறகு முசே கார் நிற்கும் கொட்டகைக்கு வந்தார். நானே ஆரம்பித்தேன். “மதாம்கிட்ட சொல்லிடுங்க முசே.”

“சொன்னா நாளான்னைக்குக் காரை வித்துடுவா.”

“வித்தா இன்னா?”

“வித்தா, எங்கியாவது கூட்டிட்டுப் போங்கன்னு கேட்டுக்கிட்டு உக்காந்திருக்கிற ஆளாயிடுவேன். இப்ப நான் அது இல்ல.” காரின் பானெட்டைத் தடவினார். “நீயும் வேற எடம் பாக்கணும்.”

“நாளைக்கு அந்த சீட்டுல நான் இருக்க மாட்டேனே. யாரு தட்டறது?”

“அதுதான் யோசிக்கிறேன்.”

அவர் யோசித்தார். ஆனால் வழி கண்டுபிடித்தது நான். எழுதும்போது அதை மறைக்கக் கூடாது. “ஓரம் தெரியுதில்ல முசே? நான் இடது ஓரமா வூட்டு மொபெட்டுல முன்னாடி போறேன். மஞ்சள் சட்டை போட்டுக்கறேன். என்னைப் பிடிச்சுட்டு வாங்க.”

அவர் என் தோளைத் தட்டினார். எனக்குச் சந்தோஷமாக இருந்தது. அதையும் மறைக்கவில்லை.

மஞ்சள் சட்டை

காலையில் காரைத் தெருவில் கொண்டுவந்து நிறுத்தி, எஞ்சினை அணைத்துவிட்டு இறங்கினேன். கூரையை மடித்தேன். தெருவே வாசலில் நின்றது. சைக்கிள் கடைக்காரர் கை தட்டினார். “மதாம், முந்தானையைப் பிடிச்சுக்குங்க, கூரை இல்லாத வூடு!” மதாம் சிரித்து அடக்கினார். முசே கதவைத் திறந்துவிட்டு அவரை உட்கார வைத்தார். கதவை மூட எத்தனை தரம் அந்தக் கைப்பிடியைத் தடவினார் என்று நான் மட்டும் பார்த்தேன்.

அவர் எஞ்சினைப் போட்டார். நான் மொபெட்டை உதைத்தேன்.

கிளம்பி இருபது அடி போவதற்குள் கத்தல் கேட்டது. வண்டி தன் காவலைத் தொடங்கிவிட்டது. அணைக்க நான் உள்ளே இல்லை.

“இன்னா இது, கொழந்தை மாதிரி கத்திக்கிட்டே வருது?” மதாம் குரல்.

“புது மாடல். அப்படித்தான்.”

கூரை இல்லாததால் எனக்கு எல்லாம் கேட்டது. நான் மெதுவாகப் போனேன். அவர்களும் மெதுவாக வந்தார்கள். முதல் வேகத்தடை. இரண்டு ஹாரன். குறைத்தார். சாய்த்து ஏற்றினார், தட்டவில்லை. பள்ளிக்கூடம் ஒன்றைத் தாண்டினோம், விடுமுறை போல, கேட் மூடியிருந்தது. பெருமூச்சு விட்டேன். ஒரு பால்வண்டி. இரண்டு ஹாரன். நான் வலதுபக்கம் ஒதுங்கினேன், அவரும் ஒதுங்கினார். மதாம் தெருவில் யாருக்கோ கை காட்டினார்.

பாதி தூரம் வந்துவிட்டோம். இன்னும் பாதிதான், முடிந்துவிடும் என்று நினைத்துக்கொண்டேன். முடிந்தால் நாளை சொல்லிவிடலாம். என்ன செய்தாலும் நாளை செய்யலாம்.

கடற்கரைக் குப்பத்திலிருந்து வருகிற சந்து ஒன்று அங்கே சாலையில் சேரும். நான் அதைத் தாண்டினேன். தாண்டிய பிறகு, தலையில் அன்னக்கூடையோடு ஒரு மீன்காரம்மா சந்திலிருந்து இறங்கினார். எனக்கும் காருக்கும் இடையில். எதிர்ப்பக்கம் பஸ் வருவதைப் பார்த்து நடுச்சாலையில் நின்றார். கார்க்காரர் தன்னைப் பார்க்கிறார், ஒதுங்கிப் போவார் என்று நம்பித்தானே யாரும் நிற்பார்கள்.

கண்ணாடியில் எல்லாம் தெரிந்தது. ஹாரனை அழுத்தினேன். நீளமாக. அதே நேரம் எதிரே வந்த பஸ் தன் ஹாரனை அடித்தது. என்னுடையது எங்கே போயிற்று என்று தெரியவில்லை.

கார் வேகம் குறையாமல் வந்தது. முசே என்னைப் பார்த்தபடி, நிம்மதியான முகத்தோடு வந்தார்.

பிறகு ஒரு கிறீச்சல். கார் மூக்கைக் குத்திக்கொண்டு நின்றது. எஞ்சின் அணைந்தது. மீன்காரம்மாவின் முழங்காலுக்கும் காருக்கும் ஒரு சாண். அவர் அதிர்ந்த அதிர்ச்சியில் அன்னக்கூடை சரிந்து, ஐஸ் தண்ணீரும் காரப்பொடி மீனும் சங்கராவும் பானெட் முழுவதும் வழிந்தன.

பிரேக்

மொபெட்டைக் கீழே போட்டுவிட்டு ஓடினேன்.

“யோவ் கெழவா!” மீன்காரம்மா குரல் அந்தச் சாலை முழுக்கக் கேட்டது. “பனமரமாட்டம் நட்டநடுவுல நிக்கிறேன். நேரா வந்து ஏத்தறே? நாலு மெடல் குத்திக்கிட்டா ரோடு உங்கப்பன் ஊட்டுதா?”

மதாம் நெஞ்சில் சிலுவை போட்டுக்கொண்டார். “ஆண்டவரே. நல்லவேளை பிரேக் போட்டீங்க.” மீன்காரம்மாவிடம் சொன்னார்: “உனக்கு ஒண்ணும் ஆவலியே அம்மா? கோவிச்சுக்காதே. அவர் பாத்துதான் நிறுத்தினாரு.”

“ஆமாம் மதாம்” என்றேன் நானும். “முசே கரெக்டா நிறுத்திட்டாரு.”

தப்பித்துவிட்டோம். வாயை மூடிக்கொண்டிருந்தால் போதும்.

“நான் போடல” என்றார் முசே.

“இன்னா?”

“பிரேக்கு. நான் போடல, ரொசாலி. வண்டியே போட்டுக்கிச்சு.” இரண்டு கையும் இன்னும் ஸ்டியரிங்கில் இருந்தன. “இந்தம்மா நிக்கறதே எனக்குத் தெரியல. எதிர்ல எதுவும் தெரியாது. உன் மூஞ்சி தெரிஞ்சு ஒரு வருஷத்துக்கு மேல ஆச்சு.”

பின்னால் ஆட்டோக்கள் ஹாரன் அடித்தன. யாரும் அசையவில்லை. மீன்காரம்மா இடுப்பில் வைத்திருந்த கையைக் கீழே இறக்கினார்.

மதாம் கணவரைப் பார்த்தார். பிறகு என் மஞ்சள் சட்டையைப் பார்த்தார். மேலிருந்து கீழாக, பட்டன் பட்டனாக. அவருக்கு எல்லாம் விளங்கிவிட்டது.

கதவைத் திறந்து இறங்கினார். குனிந்து பானெட்டிலிருந்து மீன்களைப் பொறுக்கி அன்னக்கூடையில் போட ஆரம்பித்தார்.

“உடுங்க மதாம், பட்டுல கவுச்சி ஏறும்” என்றார் மீன்காரம்மா. மதாம் விடவில்லை. கடைசி மீன்வரை பொறுக்கினார். கையை முந்தானையில் துடைத்தார். மறுபக்கம் போய்க் கதவைத் திறந்து, முசேயின் கையைப் பிடித்து இறக்கி, தன் கக்கத்தில் இடுக்கிக்கொண்டார்.

“நடக்கலாம். நேரமாச்சு.”

நான் ஓர் அடி எடுத்து வைத்தேன். “நீ வராதே” என்றார் மதாம், திரும்பாமல்.

இருவரும் சாலை ஓரமாகக் கடற்கரைப் பக்கம் போனார்கள். மெடல்கள் ஒன்றோடொன்று இடிக்கும் சத்தம் கொஞ்ச தூரம் கேட்டது.

காரை ஓரங்கட்டிவிட்டு, மொபெட்டைத் தூக்கி ஒரு கடை வாசலில் நிறுத்தினேன். மீன்காரம்மா மொபெட்டின் பின்சீட்டை எட்டிப் பார்த்தார். “மீனெல்லாம் வெயில்ல கெடக்குது. பெரிய மார்க்கெட்டுல கொண்டு உடு.” கேட்காமலே ஏறி உட்கார்ந்து அன்னக்கூடையை மடியில் வைத்தார். கொஞ்ச தூரம் போனதும் அதைத் தலையில் ஏற்றிக்கொண்டார். “கூரை இல்லாதது நல்லதாப் போச்சு” என்றார். சாலையில் எல்லோரும் எங்களைப் பார்த்தார்கள். சிரித்தார்கள்.

மார்க்கெட் வரும்போது கேட்டார். “அவருக்குத் தெரியலன்னு உனக்குத் தெரியுமா?”

“தெரியும்.”

இறங்கினார். அன்னக்கூடையைச் சரிசெய்துகொண்டார். “நான் செத்திருந்தா, எங்க வூட்டுல வந்து இன்னா சொல்லியிருப்பே?”

நான் எத்தனையோ வீட்டு வாசலில் வண்டியை நிறுத்திக் கதவைத் திறந்துவிட்டவன். அங்கே என்ன சொல்வது என்று எனக்கு எப்போதும் தெரிந்ததில்லை. அவர் பதிலுக்காக நிற்கவும் இல்லை.

சாப்பிட்டுட்டுப் போ

மார்க்கெட்டிலிருந்து திரும்பி, முதலில் காரையும் பிறகு மொபெட்டையும் வீட்டு வாசலுக்குக் கொண்டுவந்தேன். மதியம் அவர்கள் ஆட்டோவில் திரும்பி வந்தார்கள். முசே நேராக உள்ளே போனார். மதாம் அடுப்படியிலிருந்து கூப்பிட்டார்.

“எத்தனை நாளா உனக்குத் தெரியும்?”

“வண்டி வந்த நாள்லேர்ந்து.”

“இன்னிக்கு அவர் பக்கத்துல நான் உக்காரப் போறேன்னு தெரிஞ்சும்?”

“ஆமாம் மதாம்.”

அவர் கத்துவார் என்று காத்திருந்தேன். கத்தவில்லை. தட்டில் சோறு போட்டார். “சாப்டுட்டுப் போ. நாளைக்கு நீ இங்க இருக்க வேணாம்.”

சாப்பிட்டேன். எங்கே எப்போது அடுத்த சாப்பாடு என்று தெரியாதவன் கோபித்துக்கொண்டு தட்டைத் தள்ளமாட்டான். மறுபடி கேட்டேன், மறுபடி போட்டார்.

மாடியில் என் பொருள்கள் ஒரு பையில் அடங்கின. இறங்கி வந்தபோது மதாம் கொட்டகை வாசலில் நின்றார். “அதை உள்ள உட்டுட்டுப் போ. எங்க ரெண்டு பேராலயும் ஆவாது.”

பானெட்டைக் கழுவினேன். பின்பக்கமாக ஏற்றிக் கொட்டகையில் நிறுத்தினேன். தட்ட யாரும் இல்லை, கண்ணாடியைப் பார்த்துத்தான். கூரையை இழுத்துக் கொக்கி மாட்டப் போனேன். “திறந்தே இருக்கட்டும்” என்றார். சாவியைக் கொடுத்தேன். உள்ளங்கையில் வாங்கி விரல்களை மடக்கிக்கொண்டார்.

அப்போது முசே வந்தார். கோட்டைக் கழற்றியிருந்தார். சுவரைத் தொட்டபடி வந்து, வலப்பக்கக் கதவைத் திறந்து, ஸ்டியரிங் முன்னால் உட்கார்ந்தார். மதாம் கொஞ்ச நேரம் நின்று பார்த்தார். பிறகு சுற்றி வந்து இடப்பக்கக் கதவைத் திறந்து அவர் பக்கத்தில் உட்கார்ந்தார். சாவி மதாம் கையில்தான் இருந்தது.

“போய்ட்டு வரேன் முசே” என்றேன்.

“கதவைச் சாத்திட்டுப் போ” என்றார் மதாம்.

கொட்டகைக் கதவைச் சாத்தினேன். பையைத் தோளில் போட்டேன். அந்தத் தெரு நீளமானது. சைக்கிள் கடைக்காரர் ஏதோ கேட்டார், காதில் விழவில்லை. எஞ்சின் சத்தம் வருகிறதா என்று கேட்டபடியே நடந்தேன். நடுத் தெருவில் ஒரு தரம் நின்றேன். வரவில்லை. தெருமுனையில் மறுபடி நின்றேன். வரவில்லை.

பஸ் நிலையத்துக்குத் திரும்புகிற இடத்தில் மூன்றாவது முறையாக நின்றேன். அங்கிருந்து கேட்காது. ஆனாலும் நின்றேன்.